போனைக் கண்டால் நிற்கும் குதிரை

கடற்கரையில் சவாரிக்கு ஆறு குதிரைகள் இருந்தன. ஐந்துக்கு ராஜா, சுல்தான் என்கிற வகையில் பெயர்கள். ஆறாவதன் பெயர் மேனேஜர். யாராவது பார்த்தால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், பார்க்காவிட்டால் நின்றபடியே தூங்கும் என்பதால் குதிரைக்காரர் வைத்த பெயர். மற்றபடி அதுவும் நல்ல குதிரைதான்.

மேனேஜரைக் குளிப்பாட்டி, லாயத்தைக் கூட்டி அள்ளி, தீவனம் வைத்த பெண்ணின் பெயர் மின்னல். பெயரை இருவரும் மாற்றிக்கொண்டிருந்தால் ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் பாலை முக்கால் மணி நேரம் குடிக்கிற தங்கைக்கு அண்ணன் சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் அது. ரேஷன் கார்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

மின்னலுக்குச் சம்பளம் தருகிற வேலை செருப்புக் கடையில். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்தவர் காலைக் கையில் வாங்கி, அளவு பார்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, "இன்னொரு கடையில பாத்துட்டு வர்றோம்" என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடிகாலையில் கடற்கரைக்குப் போய் மேனேஜருடைய குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போது அவளுக்கு நிம்மதியாக இருக்கும். நான்கு காலையும் ஒழுங்காகத் தருகிற, ஒரு தடவைகூட விலை கேட்காத வாடிக்கை. இந்த உதவிக்குப் பதிலாக விடியும் நேரத்தில் ஒரு மணி நேரம் குதிரையை அவள் ஓட்டிக்கொள்ளலாம் என்று குதிரைக்காரர் விட்டிருந்தார். மூன்று வருஷமாக ஓட்டுகிறாள். ஈர மணலில் நடை, துள்ளோட்டம், நாலுகால் பாய்ச்சல் எல்லாம் வந்துவிட்டது.

இதெல்லாம் கடல் தாண்டி ஒரு மலைநாட்டில் இருக்கிற குதிரைப் பண்ணைக்காக. அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அங்கே வருவார்கள். குதிரை மேல் ஏறி ஒரு வாரம் மலை மலையாகச் சுற்றுவார்கள். கூடாரத்தில் படுப்பார்கள். எட்டாம் நாள் நிமிர முடியாத இடுப்போடு வீடு திரும்புவார்கள். இதற்கு ஓய்வு என்று பெயர். ஓய்வெடுப்பவர்களைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளவும், குதிரைகளைக் கவனிக்கவும், வருஷத்துக்கு ஆறு மாதம் வெளிநாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பண்ணை வேலைக்கு எடுக்கும். மின்னல் இரண்டு வருஷம் எழுதிப் போட்டு, இரண்டு வருஷமும் பதில் இல்லை. இந்த வருஷம் பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு வீடியோ காலில் வரவும். குதிரையோடு வரவும். பத்து வேலைகளை எங்கள் கண் முன்னால் செய்து காட்டவும்.

தேர்வு நாளில் இருபத்தேழு ஆகாதவர்களைத்தான் பண்ணை எடுக்கும். மின்னலுக்கு அடுத்த மாதம் இருபத்தேழு. அதனால் இந்தத் திங்கட்கிழமை போனால் அடுத்த திங்கட்கிழமை கிடையாது.

வீடு தயாரிப்பில் இறங்கியது. அம்மா தையல்காரி. உள்தொடையில் இரட்டைத் துணி வைத்த சவாரிக் கால்சட்டை ஒன்றை, மிச்சம் கிடந்த திரைச்சீலைத் துணியில் இரண்டே நாளில் தைத்தாள். போட்டுக்கொண்டு நடந்தால் ஜன்னல் நடந்து வருவதுபோல இருந்தது, ஆனால் தையல் விட்டுப்போகாது. அப்பா ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆப்பரேட்டர். குதிரை முதுகு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டு, "அரை மாடி" என்று முடிவு கட்டி, அதற்குமேல் அதைப் பற்றி யோசிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். மின்னல் மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைத் தொங்கவிட்டு நின்றாள். இருபது லிட்டர் தண்ணீர் கேனை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு டிவி பார்த்தாள்.

"தண்ணி குடிக்கணும், கேனைக் குடு" என்றான் அண்ணன். போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன்.

"இன்னும் நாலு நிமிஷம்."

"குதிரைக்குப் பழகுறியா, இல்ல முட்டை அடைகாக்குறியா?"

"நாலு நிமிஷம்னு சொன்னேன்ல."

வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை. அண்ணன்தான் கேமராமேன். மின்னல் மேனேஜர் மேல் ஏறி, குதிகாலால் லேசாகத் தொட்டாள். மேனேஜர் கிளம்பியது. அண்ணன் போனைத் தூக்கினான். மேனேஜர் நின்றது.

சும்மா நிற்கவில்லை. கழுத்தை வளைத்து, தலையைச் சற்றே கடல் பக்கம் திருப்பி, காதை விறைத்து, முன்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி, கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்துக்கு நிற்பதுபோல நின்றது. அண்ணன் போனை இறக்கினான். நடந்தது. தூக்கினான். நின்றது. இறக்கினான். நடந்தது.

"இது குதிரையா, ஸ்விட்சா?" என்றான் அண்ணன்.

நிழலில் படுத்திருந்த குதிரைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "பின்ன? சவாரிக்கு யாரும்மா வர்றாங்க? போட்டோவுக்குத்தான் வர்றாங்க. அசைஞ்சா படம் கலங்கும், படம் கலங்கினா எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க. அஞ்சு வருஷமா அது போனைப் பாத்தா நிக்குது. மத்த அஞ்சும் நிக்காது. அதனாலதான் இது பேரு மேனேஜர்."

"தூங்குறதாலன்னு சொன்னீங்க."

"அதுவும்தான்."

விடிகாலைக் கடற்கரையில் யார் கையிலும் போன் இருந்ததில்லை. கடை லீவு நாட்களில் வந்தால் வாடிக்கையாளர்கள் மேலே இருப்பார்கள், இவள் கயிற்றைப் பிடித்துக் கீழே நிற்பாள். நிற்கிற குதிரை சமர்த்து என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தாள்.

மற்ற ஐந்து குதிரைகளும் வேறு ஆட்களுடையவை. கேட்டுப் பார்த்தாள். ஒருவர் முடியாது என்றார். ஒருவர் குதிரையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆக மேனேஜர்தான்.

அடுத்த நாள் அண்ணன் போனைத் துணிப்பைக்குள் வைத்து, பையில் ஓட்டை போட்டு எடுத்தான். முதல் தடவை மேனேஜர் நடந்தது. இரண்டாம் தடவை பையைப் பார்த்து நின்றது. மூன்றாம் நாள் அவன் கவிழ்த்த படகுக்குப் பின்னால் ஒளிந்தான். மேனேஜர் படகுக்கு போஸ் கொடுத்தது. வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக் கடலைப் பார்த்த ஒரு பெரியவருக்கும் கொடுத்தது. பெரியவர் தனக்கு வணக்கம் சொல்கிறதென்று நினைத்துப் பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாத" என்றான் அண்ணன். "குதிரை அசையாம நிக்குதுல்ல? நீயும் அசையாம உக்காரு. நெட்வொர்க் போயி படம் நின்னுடுச்சுன்னு நெனப்பாங்க. லைனைக் கட் பண்ணிட்டு, காலையில தூரத்துல இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பிடலாம். கட்டிங் ஒட்டிங் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அங்க போனதுக்கப்புறம்?"

"அங்க இருக்கற குதிரைக்கெல்லாம் போனைத் தெரியாதே."

மின்னல் வீட்டுக்கு வந்தாள். அதில் உள்ள அநியாயத்தைவிட அதில் உள்ள வசதிதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்று அண்ணன் மூன்று நாளில் எடுத்த நாற்பத்தொரு வீடியோவையும் அம்மாவிடம் காட்டினான், சிரிக்கட்டும் என்று. அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே பார்த்தாள். ஏழெட்டு பார்த்த பிறகு கோப்பதை நிறுத்தினாள்.

"எல்லாத்துலயும் இவ ஏன் இப்படி இளிக்கிறா?"

"யாரு?"

"நீதான். பாரு, போனைத் தூக்கினதும் வயித்தை உள்ள இழுக்கிற. மோவாயைத் தூக்கற. மூச்சு விடவே இல்ல. அளவு எடுக்க வர்றவங்க டேப்பைப் பாத்ததும் இப்படித்தான் நிப்பாங்க. அப்புறம் ஜாக்கெட் பத்தலன்னு என்கிட்ட வருவாங்க."

மின்னல் போனை வாங்கி, வீடியோவைப் பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டினாள். மறுபடி. அவளுக்கே உரிய வேகத்தில் ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். அண்ணன் போன் உயர்கிறது. மின்னல் விறைக்கிறாள். அதற்குப் பிறகுதான், கண் சிமிட்டுகிற நேரம் கழித்து, மேனேஜர் நிற்கிறது. நாற்பத்தொன்றில் முப்பத்தாறிலும் அப்படியே. படகுக்குப் பின்னால் அண்ணன் ஒளிந்திருந்த இடம் அவளுக்குத் தெரியும். பெரியவரையும் அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள்.

"அது போனைப் பாத்து நிக்கல" என்றாள். "என்னைப் பாத்து நிக்குது."

"நீ அதோட முதுகுல இருக்க" என்றான் அண்ணன். "எப்படிப் பாக்கும்?"

"முதுகாலதான்."

விடிந்ததும் சோதித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நடை போட்டாள். எந்த நேரத்தில் போனைத் தூக்கினான் என்று அண்ணன் பிறகு சொல்வதாக ஏற்பாடு. ஐந்து தடவை தூக்கினான். மேனேஜர் ஐந்து தடவையும் லேசாக வேகம் குறைத்தது. மேலே இருப்பவளிடமிருந்து எதுவும் வராததால், கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காத ஆள் மாதிரி, தன்பாட்டுக்குத் தொடர்ந்து நடந்தது. இத்தனை வருஷமாக அதன் மேல் ஏறிய ஒவ்வொருவரும் போனைக் கண்டதும் மூச்சைப் பிடித்து, வயிற்றை ஒடுக்கி, சிலையானார்கள். குதிரையும் சிலையாயிற்று. மின்னலும் அந்த வரிசையில் ஒருத்தி. குதிரையைத் திருத்துவது ஒரு பங்கு, தன்னைத் திருத்துவது மூன்று பங்கு என்று கணக்குத் தெரிந்தது.

விஷயத்தைக் கேட்ட குதிரைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மாடி, நீ வெளிநாடு போ, நல்லா இரு. ஆனா அது போட்டோவுக்கு நிக்கறதை மறந்துடுச்சுன்னா நான் எங்க போவேன்?"

"மறக்காது மாமா. மேல இருக்கறவங்க நின்னா நிக்கும். போகச் சொன்னா போகும். சனிக்கிழமை நீங்களே பாருங்க."

"நிக்கலன்னா?"

"திங்கட்கிழமை நான் குதிரையைக் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள். அண்ணன் கடையிலிருந்து ரிப்பேருக்கு வந்த போன்கள் பதினொன்றைக் கூடையில் கொண்டுவந்தான். பாதிக்குத் திரை உடைந்திருந்தது, இரண்டு உயிரே இல்லாதவை. போஸ் கொடுப்பவளுக்கு அது தெரியவா போகிறது. வீட்டில் அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு போன் உயர்ந்தது. பல் தேய்க்கும்போது அம்மா. செருப்பு மாட்டும்போது அப்பா. கொட்டாவி விடும்போது அண்ணன். மின்னல் விறைத்தால் "மூச்சு" என்று யாராவது சொல்ல வேண்டும், அவள் வெளியே ஊத வேண்டும். முதல் நாள் நூறு தடவை சொன்னார்கள். அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போய், அவள் கடைக்குப் போகிற வழியில் பாதி தூரம் பின்னாலேயே போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவில் ஒரு அம்மாள், "உங்க பொண்ணு சினிமாவுல நடிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. நடிக்காம இருக்கப் பழகுது" என்றார் அப்பா.

காலையில் கடற்கரையில் குதிரையின் பங்கு. அண்ணன் போனைத் தூக்குவான். மேனேஜர் தயங்கும். மின்னல் நீளமாக மூச்சை விட்டு, இடுப்பைத் தளர்த்தி, கெண்டைக்காலால் ஒரு அழுத்து அழுத்துவாள். மேனேஜர் ஒரு அடி வைத்த அந்த நொடியே காலை எடுத்துவிடுவாள். அந்த எடுப்புதான் அதற்குக் கூலி. ஒரு நொடி தாமதித்தால் எதற்காக என்று அதற்குப் புரியாது. மற்ற எல்லாவற்றுக்கும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள், இதில் மட்டும் நொடி தவறவில்லை. வியாழக்கிழமை ஒரு அடி ஐந்து அடியாயிற்று. வெள்ளிக்கிழமை பதினொரு போனையும் மணலில் நட்டுவைத்து, நடுவில் துள்ளோட்டத்தில் போனார்கள். அன்றைய படத்தில் மின்னலின் வாய் திறந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது, மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது.

"இப்பதான் லட்சணமா இருக்க" என்றாள் அம்மா.

சனிக்கிழமை மாலை முதல் வாடிக்கையாளர், மகனிடம் போனைக் கொடுத்துவிட்டு ஏறிய ஒரு கனத்த மனிதர். போன் உயர்ந்தது. அவர் தன் வயிற்றை எங்கோ ஒளித்தார். மேனேஜர் நின்றது. கழுத்தை வளைத்து, காதை விறைத்து, முன்னங்காலை மடக்கி, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அவர் தாங்க முடியாமல் மூச்சை விட்டும் அது நகரவில்லை, காலால் யாரும் கேட்கவில்லையே. குதிரைக்காரர் லாயத்துச் சாவியை மின்னல் கையில் வைத்துவிட்டு மறுபடி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு அண்ணனுடைய போனில் பண்ணைக்காரம்மாவின் முகம் வந்தது. காற்றில் காய்ந்த முகம், கையில் ஏதோ குடிக்கிற கோப்பை. அங்கே காலை. இரண்டு பேருக்கும் பொதுவான மொழியில் இரண்டு பேருமே கொஞ்சம் நொண்டினார்கள். அதனால் நன்றாகப் புரிந்தது.

குதிரையைப் பிடித்துக் கயிறு மாட்டுவது முதல் வேலை. தேய்த்துவிடுவது இரண்டாவது. மூன்றாவதாக நான்கு குளம்பும் கொக்கியால் சுத்தம் செய்ய வேண்டும். மின்னல் குனிந்து, கால் கேட்டு, வாங்கி, பார்த்து, வைத்து, அடுத்த காலுக்குப் போனாள். கோப்பை பாதி வழியில் நின்றது.

"எங்கே கற்றுக்கொண்டாய் இதை?"

"செருப்புக் கடையில."

சேணம் வைத்தாள், வயிற்றுப் பட்டையை இறுக்கினாள், ஏறினாள். ஆறாவது வேலை நடை. அண்ணன் போனை அவள் பக்கம் நன்றாக உயர்த்தினான். மின்னல் திரையைப் பார்த்தாள். பண்ணைக்காரம்மாவின் தோளுக்குப் பின்னால் இப்போது இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள், தொப்பியும் பூட்ஸுமாக. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

மோவாய் உயர்ந்தது. வயிறு உள்ளே போனது. மேனேஜர் நின்றது.

கடற்கரையில் காற்றும் நின்றிருந்ததால் ஒரு மயிர்கூட அசையவில்லை. ஐந்து நொடி. பத்து.

"ஹலோ?" என்றது போன். "படம் நின்றுவிட்டது. எங்கள் பக்கமா, உங்கள் பக்கமா?"

போனுக்குப் பின்னால் அண்ணனின் முகம் விளக்கு போட்டதுபோல மலர்ந்தது. அசையாதே என்று கண்ணால் கெஞ்சினான். கட்டை விரலைச் சிவப்புப் பொத்தான் பக்கம் கொண்டுபோனான். ஒரு அழுத்து. பிறகு நெட்வொர்க்கைத் திட்டி ஒரு கடிதம், தூரத்திலிருந்து ஒரு வீடியோ. கதவு திறந்துதான் இருந்தது. மின்னல் செய்ய வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் சிலையாக இருப்பது. அதில் அவளுக்கும் குதிரைக்கும் நல்ல அனுபவம் உண்டு.

"படம் நிக்கல" என்றாள் மின்னல், உதடு மட்டும் அசைய. "நாங்கதான் நிக்கிறோம்."

"ஏன்?"

"இது போட்டோவுக்கு நிக்கற குதிரை. நான் பயந்தா போட்டோன்னு நெனச்சுக்கும். இப்ப பயந்துட்டேன். ஒரு நிமிஷம் குடுங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மின்னல் மூச்சை விட்டாள். உள்ளே இவ்வளவு காற்று இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக, விட்டுக்கொண்டே இருந்தாள். தோள் இறங்கியது, இடுப்பு இறங்கியது, குதிகால் இறங்கியது. கெண்டைக்கால் ஒரு அழுத்து. மேனேஜர் மடக்கிய காலை மணலில் வைத்து நடந்தது.

துள்ளோட்டத்துக்குக் கேட்டாள், கொடுத்தது. அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடினான். கடை நாற்காலியில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு முப்பது அடியில் மூச்சு வாங்கி, நாற்பதாவது அடியில் மணலில் மண்டி போட்டது. போனை மட்டும் விடாமல் தலைக்கு மேல் பிடித்திருந்தான். இதற்குள் கடற்கரைக்கு விஷயம் புரிந்துவிட்டது. போட்டோக் குதிரை ஓடுகிறது. சுண்டுவிரல் பிடித்து நடந்த ஜோடிகள், பந்து விளையாடியவர்கள், அலையில் கால் நனைத்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எல்லோரும் செய்கிறதையே செய்தார்கள். கடலுக்கும் அவளுக்கும் நடுவில் இருபது போன்கள் உயர்ந்தன, முப்பது உயர்ந்தன, வரிசையாக இரண்டு பக்கமும். அதற்கு நடுவில்தான் போக வேண்டும்.

மேனேஜரின் இரண்டு காதும் பின்னால் திரும்பி அவளைக் கேட்டன.

போலாம் என்றது அவள் முதுகு.

போனார்கள். நடையில் அல்ல, துள்ளோட்டத்திலும் அல்ல. மேனேஜர் தானாகவே ஒரு படி ஏற, அவள் விட்டுவிட்டாள். நாலுகால் பாய்ச்சலில், ஈர மணல் பறக்க, முப்பது கேமராவுக்கு நடுவில், வாயைத் திறந்து, திரைச்சீலைக் கால்சட்டை படபடக்க மின்னல் போனாள். அவள் அழகாக விழுந்த படம் ஒன்றுகூட அந்தக் கடற்கரையில் யாருக்கும் கிடைக்கவில்லை. வரிசை முடிந்த இடத்தில் அகலமாக வளைத்துத் திரும்பினாள், அதே வழியாக வந்தாள், அண்ணன் முன்னால் நிறுத்தினாள். இறங்கவில்லை.

திரையில் யாரும் அசையவில்லை. அண்ணன் திரையைத் துடைத்தான்.

"இப்போ உண்மையாவே நின்னுடுச்சு போல."

"நிற்கவில்லை" என்றது போன். பண்ணைக்காரம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். "என்னிடம் பதினாலு குதிரை இருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லித்தருவாயா?"

"தருவேன்."

"அடுத்த மாதம் பத்தாம் தேதி வா. குளிரும். நல்ல கம்பளி கொண்டுவா."

பின்னால் நின்ற தொப்பிகள் கை தட்டின. அழைப்பு முடிந்த பிறகுதான் அண்ணன் எழுந்தான், மணலைத் தட்டினான், தங்கையை நிமிர்ந்து பார்த்தான். மேனேஜர் கழுத்தைப் போய்க் கட்டிக்கொண்டான்.

அப்பா வேலையை விட்டுச் சீக்கிரம் வந்து, கூட்டத்தில் நின்றிருந்த எல்லோரிடமும் இது என் பொண்ணு என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மணலில் நேராக நடந்து வந்தாள். கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவி, குதிரை மேல் இருந்தவளின் தொடையைச் சுற்றிப் போட்டாள்.

"வீட்டுல எடுத்துக்கலாம்மா."

"இப்படி உக்காந்து எடுத்தாதான் சரியா வரும். எத்தனை மாசம்?"

"ஆறு."

"அப்ப ரெண்டு இஞ்ச் விட்டுத் தைக்கிறேன்" என்றாள் அம்மா, டேப்பில் எண்ணைப் பார்த்தபடி. "நல்லா சாப்பிடு அங்க."